ஜன்னத் திரும்பிப் பார்க்கவில்லை

1

இந்தக் கதைக்குக் காரணம் ஓர் அம்மா கேட்ட கேள்வி. காரைக்காலில் சிறப்புக் குழந்தைகள் படிக்கும் ஒரு சின்னப் பள்ளியின் ஆண்டு விழா. உள்ளூர் எழுத்தாளர் என்று யாரோ என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். மேடையேறி, குழந்தைகளின் கற்பனை உலகம் அப்படி, இப்படி என்று கொஞ்சம் அளந்துவிட்டு, பொன்னாடையும் வாங்கிக்கொண்டு இறங்கினேன். மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி ஓர் அம்மா எதிரே வந்து நின்றார்.

"சார், அந்தக் காலத்துலயும் இந்த மாதிரிப் புள்ளைங்க இருந்திருக்கும்ல? அப்ப அதுங்களப் பெத்தவளுங்கள என்னன்னு சொன்னாங்க?"

பிள்ளைகளை என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் கேட்டது பெற்றவளைப் பற்றி. "நல்ல கேள்வி" என்றேன். பதில் தெரியாதவர்கள் சொல்வது அதைத்தான். அது அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன். படித்தால் தெளியும் என்று நினைத்தேன். குட்டையில் இறங்கிய மாடு மாதிரி, நானே கலக்கி நானே அந்தத் தண்ணீரைக் குடிக்கும்படி ஆனது. இதோ அந்தத் தண்ணீர். வடிகட்டித் தரலாம்தான், ஆனால் வடிகட்டினால் கதை மேலேயே நின்றுவிடுகிறது. ஆகவே அடித்தல் திருத்தலோடு தருகிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"1956ஆம் ஆண்டு. காரைக்கால். தியாகராசன் என்ற இளம் உளவியல் ஆராய்ச்சியாளன் சைகோன் வியாபாரி முகைதீன் பிச்சையின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு…"

நல்ல தொடக்கம்தான். ஆனால் தியாகராசன் கூடத்தில் போய் உட்கார்ந்தான், சர்பத் வந்தது, குடித்தான். அடுத்த பக்கத்திலும் சர்பத் வந்தது. உள்கட்டுத் திரை அசையவே இல்லை. தாயைப் பார்க்க வேண்டும் என்று அவன் எப்படிக் கேட்பான்? கேட்டால் முகைதீன் பிச்சை எப்படி ஒப்புக்கொள்வார்? என் பேனாவுக்கும் அந்தத் திரையைத் தாண்டத் துணிவில்லை. அவனை எழுப்பி அனுப்பிவிட்டேன். பாவம், நிறைய சர்பத் குடித்திருந்தான்.

ஆக, ஆராய்ச்சி செய்பவள் பெண்ணாக இருந்தாக வேண்டும். பெயர் நீலாயதாட்சி. நாகப்பட்டினத்து அம்மன் பெயர், சொன்னால் வாய் நிறைகிறது என்பதைத் தவிர இந்தப் பெயரை வைக்க எனக்கு வேறு காரணம் கிடையாது. இனி நீலா.

[நீங்கள் கேட்கப்போவது தெரியும். கோட்டுச்சேரி மேரியில்* எழுத்தராக இருந்த தங்கையனின் மகள், அந்தக் காலத்தில் பாரீசுக்குப் போய் மனோதத்துவம் படித்தாளா? படித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஞ்சுக் கொடி பறந்த ஊர். பள்ளி ஆய்வுக்கு வந்த துரை ஒருவர் அவள் கட்டுரையைப் படித்துவிட்டுச் சிபாரிசு செய்தார். "பொட்டப்புள்ளயக் கப்பல் ஏத்துறியா"ன்னு ஊரே தங்கையனைக் கேட்டது. அவர் ஏற்றினார். இதற்கு மேல் சாட்சி கேட்காதீர்கள்.]

* மேரி என்பது இங்கே கொம்யூன் அலுவலகம், நம் ஊராட்சி அலுவலகம் மாதிரி. காரைக்காலில் இன்றும் சில பெரியவர்கள் வாயில் இந்தச் சொல் இருக்கிறது.

2 (மறுபடியும்)

நீலா பாரீசிலிருந்து திரும்பியபோது கொடி மாறியிருந்தது. எல்லையிலிருந்த பூவத்துச் சுங்கச்சாவடியில் சோதனை போட ஆள் இல்லை, ஆடுகள் படுத்திருந்தன. காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் பிரஞ்சு சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அது சோற்றுக்கு. அவளுடைய உண்மையான வேலை, ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களாகக் கோட்டுச்சேரி வீட்டின் உள்ளறையில் இருந்தது.

அந்தப் புத்தகங்களில் ஒரு வகைக் குழந்தைகள் வந்தார்கள். காது கேட்கும், பேச்சு வராது. கண் தெரியும், கண்ணைப் பார்க்காது. தனக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும். அமெரிக்காவில் இதற்குப் புதிதாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இன்று நாம் ஆட்டிசம் என்கிறோம். தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள், எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, அதைவிட நல்ல சொல்லும் தெரியவில்லை. நீலாவுக்குத் தமிழில் எந்தச் சொல்லுமே இல்லை. "அந்த மாதிரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரணம் என்ன? அன்றைய பெரிய மனிதர்கள் பலர் காரணம் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். தாய். குழந்தையிடம் ஒட்டாத, கடமைக்கு வளர்க்கிற, உள்ளுக்குள் உறைந்துபோன தாய். அவளுக்குப் பயந்துதான் குழந்தை தனக்குள் ஓடி ஒளிகிறது. ஆகவே தாயிடமிருந்து பிரித்துக் கொஞ்ச காலம் வேறிடத்தில் வைத்தால் குழந்தை வெளியே வரும்.

[இங்கே எனக்கு ஒரு சங்கடம். "குளிர்ந்த தாய்" என்று அவர்கள் எழுதினார்கள். தஞ்சாவூர்ச் சீமை வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்ணைக் குளிர்ந்தவள் என்றால் அவள் மகராசியாக இரு என்று வாழ்த்திவிட்டுப் போவாள். நீலாவும் இந்த இடத்தில் திண்டாடித்தான் "ஒட்டுதல் இல்ல" என்ற சொல்லைப் பிடித்தாள். கதையில் எல்லாக் கேடும் அந்தச் சொல்லால் வந்தது.]

பாரீசுப் பேராசிரியர் எழுதியிருந்தார்: இந்தியாவிலிருந்து இப்படி ஒரு குழந்தையைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. நீ எழுது, என் மருத்துவமனையில் உனக்கு இடம் உண்டு. அந்த இடம் கிடைத்தால் அவள் ஆராய்ச்சிக்காரி. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் பிரஞ்சு வாத்தியாரம்மா.

3

முகைதீன் பிச்சை சைகோனில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். அங்கே நிலைமை சரியில்லாமல் போக, பாதிக் கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தார். வந்து பார்த்தால், கைக்குழந்தையாக விட்டுப்போன மகள் ஆறு வயதாகியும் வாப்பா என்று கூப்பிடவில்லை. எதுவென்றும் கூப்பிடவில்லை. தர்காவில் ஓதிப் பார்த்தார்கள், தாயத்து கட்டினார்கள், நாகூருக்கும் போய்வந்தார்கள். பள்ளியில் ஒரு பெண் பாரீசில் இதையே படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் ஆள் அனுப்பினார்.

நீலாவுக்குத் திரை விலகியது. உள்கட்டில் கைருன்னிஸா எழுந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் அவள் தங்கை ஜொஹரா. தரையில் ஒரு பெண் குழந்தை, இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு துணியின் ஓரத்திலிருந்து நூலை உருவிக்கொண்டிருந்தது. ஓர் இழையை இழுத்து, வெளிச்சத்தில் பார்த்து, மடியில் வைத்துவிட்டு அடுத்த இழை.

"வாங்க டாக்டரம்மா, உக்காருங்க" என்றாள் ஜொஹரா.

"நான் டாக்டர் இல்லிங்க. மனசப் பத்திப் படிச்சவ."

"அதுவும் டாக்டருதானே" என்று ஜொஹரா முடித்துவிட்டாள். நீலா அதற்கப்புறம் திருத்தவில்லை.

"புள்ள பேரு என்ன?"

கைருன்னிஸா தங்கையைப் பார்த்தாள். ஜொஹராதான் சொன்னாள். "ஜன்னத்துங்க."

நீலா குழந்தைக்குப் பின்னால் போய் நின்று, ஒரு பித்தளைத் தம்ளரைத் தரையில் போட்டாள். குழந்தை வெடுக்கென்று திரும்பித் தம்ளரைப் பார்த்தது. காது நன்றாக இருக்கிறது. பிறகு, "ஜன்னத்" என்றாள். நூல் உருவிக்கொண்டிருந்தது. "ஜன்னத்!" இன்னும் சத்தமாக. அடுத்த இழை.  புத்தகத்தில் படித்த குழந்தை எதிரே உட்கார்ந்திருந்தது.

[அவள் சந்தோஷப்பட்டாள் என்று எழுதி, அடித்தேன். மறுபடி எழுதுகிறேன்: சந்தோஷப்பட்டாள். ஒரு தாய் கண் கலங்கி நிற்கும்போது அவள் மனசு துள்ளியது. இதற்காக அவளை வில்லியாக்கிவிடலாமா என்று எனக்கு ஆசை வந்தது. கதை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்தக் குழந்தையைப் பேசவைத்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதும் நிஜம். ரெண்டும் ஒரே நெஞ்சில் இருந்தால் நான் என்ன செய்வது?]

4

பள்ளிக்கூடம் விட்டதும் நீலா அங்கேதான் போனாள். சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பாள், எழுதுவாள். ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: "நான் இருக்கிற நேரத்துல புள்ளகிட்ட அம்மா மட்டும் பேசணும். மத்தவங்க யாரும் குறுக்க பேசக் கூடாது."

அப்படித்தான் விஞ்ஞானம் செய்வார்கள். ஆனால் ஒரு வீட்டுக்குள் கையில் பேனாவோடு ஓர் அந்நியப் பெண் உட்கார்ந்திருக்க, இப்போது உன் பிள்ளையிடம் பேசு என்றால் எந்தத் தாய்க்குப் பேச்சு வரும்? கைருன்னிஸா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஏ புள்ள… இங்க வாம்மா" என்பாள். குரல் பாதியில் இறங்கிவிடும். குழந்தை வராது. அவள் நீலாவைப் பார்ப்பாள், நீலா எழுதிக்கொண்டிருப்பாள்.

நீலா எழுதியவற்றில் சில வரிகள்: தாய் குழந்தையை அணைப்பதில்லை. தாயின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. தாய்க்குத் தன் உடையிலும் அக்கறை இல்லை, கிழிந்த தலைப்புள்ள புடவையையே கட்டுகிறாள், வசதிக்குக் குறைவில்லாத வீடு. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, அடிக்கோடு போட்டது: இத்தனை நாளில் தாய் ஒரு தடவைகூடக் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

பேர் சொல்லக்கூட வாய் வராத தாய். பேராசிரியர் இதைப் படித்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

6

(ஐந்தைக் கிழித்துவிட்டேன். அதில் நீலாவுக்கும் ஒரு கப்பல் கப்பித்தேனுக்கும் காதல் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.)

கூடத்தில் முகைதீன் பிச்சை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நீலா எதிரே. திரைக்குப் பின்னால் கைருன்னிஸா நிற்பது நிழலாகத் தெரிந்தது.

"எதையும் மறைக்காம சொல்லுங்க. புள்ள பேசுமா, பேசாதா?"

"பேச வைக்கலாம்னுதான் நினைக்கிறேன். ஆனா இந்த வீட்டுல வச்சு முடியாது."

"ஏன்?"

நீலா திரையைப் பார்த்தாள். "அம்மாவுக்குப் புள்ளமேல ஒட்டுதல் இல்ல. அவங்க வேணும்னு செய்யல. ஆனா அது புள்ளைக்குத் தெரியுது. புதுச்சேரியில கன்னியாஸ்திரீங்க நடத்துற ஒரு விடுதி இருக்கு. ஒரு வருஷம் அங்க இருக்கட்டும். நான் போய்ப் போய்ப் பாத்துக்கிறேன். அம்மா மட்டும் அந்த ஒரு வருஷம் பாக்க வரக் கூடாது."

முகைதீன் பிச்சை நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "புள்ள பக்கத்துல இல்லன்னா இவ அடுப்பே பத்தவைக்க மாட்டாம்பாங்களே" என்றார் தனக்குத்தானே, யார் சொல்லிக் கேட்டது என்று விளங்காமல். பிறகு, "படிச்சவங்க சொல்றீங்க. அல்லா நாடுனா நடக்கட்டும்" என்றார். மாதக் கடைசிக்குக் கார் பேசுவதாக முடிவாயிற்று.

[அவர் ஏன் அப்படிச் சொன்னார், சொல்லிவிட்டு ஏன் ஒப்புக்கொண்டார்? தெரியாது. கை எழுதிவிட்டது. சைகோனிலேயே பாதி ஆயுளைக் கழித்த மனிதர், வீட்டில் யார் யாரோடு எப்படி இருக்கிறார்கள் என்று ஊகத்தில்தான் அவருக்குத் தெரியும். அடிக்காமல் விட்டிருக்கிறேன்.]

திரைக்குப் பின்னால் நிழல் அசையவில்லை. நீலா விடைபெற்று எழுந்தபோது உள்ளே எதுவோ விழுந்த சத்தம் கேட்டது. அவள் போய்ப் பார்க்கவில்லை.

7

கார் வருவதற்கு முந்திய வாரம் அந்த வீட்டில் வருஷப் பாத்திஹா. முகைதீன் பிச்சையின் தாயார் மவுத்தான, அதாவது இறந்துபோன, நாள். நீலாவையும் கூப்பிட்டிருந்தார்கள். உள்கட்டில் பெண்களோடு அவள் உட்கார்ந்திருந்தாள், நெய்ச்சோறு வாசம் வீடு முழுக்க அடித்தது. கூடத்தில் லெப்பை ஓதி முடித்துத் துஆ கேட்டார். மறைந்தவருக்காக என்று சொல்லி, பெயரை நிதானமாகச் சொன்னார்: ஜன்னத் பீவி.

நீலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்திலிருந்த ஜொஹராவின் கையைப் பிடித்தாள்.

"புள்ள பேர ஏன் சொல்றாரு?"

"புள்ள பேரு இல்லிங்க. அது மாமி பேரு. எங்க ராத்தாவோட மாமியாரு. அவங்க பேரத்தான் புள்ளைக்கு வச்சிருக்கு."

"அப்ப உங்க அக்கா…"

"மாமி பேர எப்படிங்க மருமவ வாயால சொல்லும்? மவுத்தாப் போனா மட்டும் சொல்லலாமா? ராத்தா இதுவரைக்கும் அந்தப் பேரச் சொன்னதே இல்ல. அதால நாங்களும் யாரும் சொல்றதில்ல. சிட்டுன்னுதான் கூப்புடுவோம்."

"சிட்டுவா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பேரக் கேட்டீங்க, பேரச் சொன்னோம்." ஜொஹராவுக்கு இதில் என்ன தப்பு என்றே புரியவில்லை. "படிச்ச பொம்பள முன்னாடி சிட்டு, கிட்டுன்னு கொஞ்சிக்கிட்டு நிக்க ராத்தாவுக்குக் கூச்சம். நீங்க போனப்புறம் பாக்கணும் நீங்க. சாயங்காலம் பூரா மடியிலதான். அதுக்கு நூல் உருவக் குடுத்துக் குடுத்தே ராத்தா புடவையில ஒண்ணுக்காவது தலைப்பு உண்டா பாருங்க."

நீலா பார்த்தாள். பெண்களுக்கு நெய்ச்சோறு பரிமாறிக்கொண்டிருந்த கைருன்னிஸாவின் தலைப்பு, விசேஷ நாளிலும் ஓரமெல்லாம் பிரிந்து தொங்கியது. அதைக் கிழிசல் என்று எழுதியவள் இவள்தான். அத்தனை இழையும் தாய் மடியில் உட்கார்ந்து உருவியவை.  நீலா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

கோட்டுச்சேரியில் இறங்க வேண்டியவள் பூவம் வரைக்கும் பஸ்ஸில் போய்விட்டாள். கண்டக்டர் திட்டி இறக்கிவிட்டான். வேறு பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது அவள் அம்மா பூவாயி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் பாப்பா இவ்ளோ நேரம்? கொழம்பு ஆறிப்போச்சு பாரு."

பாப்பா. பாரீசுக்குப் போய்வந்த பிறகும் பாப்பா. நீலாயதாட்சி என்று பூவாயி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அது நீலாவின் அப்பா தங்கையனைப் பெற்றவளின் பெயர்.

[சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டாம் பகுதியில் பெயர் வைத்தபோது எனக்கு இது தெரியாது. ஏழாம் பகுதிக்கு வந்து பூவாயி வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.  இவள் வீட்டிலும் அதே வழக்கம், இவளும் அதே வழக்கத்தில் வளர்ந்தவள். பாரீசுக்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான், அவன் விவரம் புரியாமல் விசாரித்திருப்பான். ஊர்க்காரி என்பதால் எல்லாம் தெரியும் என்று நினைத்து இவள் கேட்காமல் விட்டாள்.]

8

மறுநாள் நீலா அந்த வீட்டுக்குப் போனாள். குழந்தை தனியாக உட்கார்ந்து நூல் உருவிக்கொண்டிருந்தது. பின்னால் போய் நின்றாள். 

"சிட்டு" என்றாள்.

இந்த இடத்தை நான் முதலில் இப்படி எழுதினேன்:

"குழந்தை திரும்பியது. பெரிய கண்களால் நீலாவை நேராகப் பார்த்தது. அதன் உதடுகள்…"

எழுதிவிட்டு நானே அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தேன். செல்லப் பெயர் சொன்னால் சரியாகிவிடும் என்றால் இது கோளாறே இல்லை, வெறும் மறதி. மகளின் மணிக்கட்டைப் பிடித்து நின்ற அந்த அம்மா தினமும் எத்தனை செல்லப் பெயர் சொல்லிப் பார்த்திருப்பார்! அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

அடுத்து, திரும்பவே இல்லை என்று எழுதினேன். அதுவும் உடன்பாடாக இல்லை. தாய் மடியில் உட்காருகிற குழந்தை, தாய் சொல்கிற பெயர். ஒன்றுமே உறைக்காது என்று சொல்ல நான் யார்?

இப்போது இருப்பது இது. நீலா கூப்பிட்டதும் குழந்தையின் விரல் நின்றது. முகம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விரல் மறுபடி ஓடத் தொடங்கியது. பெயரைக் கேட்டு நின்றதா, இழை அறுந்து நின்றதா? நீலா குனிந்து மடியில் கிடந்த இழைகளைப் பார்த்தாள். அறுந்தது எது, முழுசு எது என்று பிரிக்க முடியவில்லை. மறுபடி கூப்பிட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. குழந்தை "அந்த மாதிரி" குழந்தைதான். தாய் "அந்த மாதிரி" தாய் இல்லை. பிரித்து அனுப்ப எந்தக் காரணமும் இல்லை. பேராசிரியருக்கு அனுப்ப எழுதிவைத்திருந்த கட்டுரையை அன்றைக்கே கிழித்தாள். பாரீசு வேலை கைவிட்டுப் போனது. அதைப் பற்றி அவள் பட்ட வருத்தத்தை ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், இங்கே சேர்க்கவில்லை. கைருன்னிஸா இருக்கும் கதையில் அந்தப் பக்கத்தை வாசிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

9

முகைதீன் பிச்சையின் வீட்டு உள்ளறை. மாதக் கடைசி, காலை நேரம். தப்பை ஒப்புக்கொள்ளத் தைரியம் வராமல் நீலா அந்த வாரத்தைத் தள்ளிவிட்டிருந்தாள். ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக் கைருன்னிஸா குழந்தையின் பாவாடைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் முதுகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

நீலா தரையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னாள். நான் தப்பாச் சொல்லிட்டேன். பேர் விஷயம் எனக்குத் தெரியாமப் போச்சு. உங்க மேல எந்தக் குத்தமும் இல்ல. புள்ளைய அனுப்ப வேண்டாம். ஐயாகிட்டயும் நானே சொல்லிடுறேன்.

கைருன்னிஸா கட்டிக்கொண்டு அழுவாள், குறைந்தபட்சம் திட்டுவாள் என்று நீலா எதிர்பார்த்தாள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன், திட்டுவதற்கு நல்ல வசவாக நாலு யோசித்தும் வைத்திருந்தேன். அவள் கையிலிருந்த பாவாடையை மடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப எதனால டாக்டரம்மா புள்ள இப்படி இருக்கு?"

"அது… தெரியலங்க."

"உங்களுக்குத் தெரியலயா, யாருக்குமே தெரியாதா?"

"யாருக்கும் சரியாத் தெரியாது."

கைருன்னிஸா பாவாடையைப் பெட்டியில் வைத்தாள். முதல் தடவையாக நீலாவை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னப்ப திரைக்கு அந்தாண்ட விழுந்து கெடந்தேன். செத்துடலாம்னு வந்துச்சு. அப்புறம் விடிய விடிய யோசிச்சேன். எம்மேலதான் குத்தம்னா நல்லதுதானேன்னு தோணுச்சு. குத்தம் எங்க இருக்குன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம்ல? நான் தள்ளி இருந்தா அது பேசும்னா, நான் தள்ளி இருக்கேன். ஒரு வருஷம் என்ன, எத்தன வருஷம்னாலும் கண்ணால பாக்காம இருந்துக்குவேன். அந்தத் தகிரியத்துலதான் இந்தப் பொட்டியவே எடுத்தேன்." பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இப்ப வந்து எம்மேல இல்லங்குறீங்க. அப்ப புள்ள எப்பதான் பேசும்? நான் எதப் புடிச்சுக்கிட்டு இருப்பேன்?"

நீலா பெட்டிக்குள் அடுக்கியிருந்த பாவாடைகளைப் பார்த்தாள்.

"குத்தம் எம்மேலயே இருக்கட்டும் டாக்டரம்மா. அன்னிக்குச் சொன்னது சரிதான்னு சொல்லுங்க. கார் வந்துடும்."

இதற்குமேல் நான் எழுதியவை எதுவும் நிற்கவில்லை. ஒரு வரைவில் நீலா பெட்டியிலிருந்து பாவாடைகளை வெளியே எடுத்து வைத்தாள். அதில் அவள் ரொம்ப நல்லவளாக இருந்தாள், பிள்ளையின் தாய் யார் என்பதே மறந்துபோயிற்று. இன்னொன்றில் ஒன்றும் பேசாமல் அழுதாள், அது எனக்கு வசதியாக இருந்தது, அதனாலேயே அடித்தேன். மற்றொன்றில் சரி என்று பொய் சொன்னாள். அந்தப் பக்கத்தை முடித்த கையோடு கிழித்துப் போட்டேன்.

நீலாவின் இடத்திலிருந்து நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கு இது சுலபம் என்று நினைக்காதீர்கள். தாய்மேல் குற்றமில்லை என்பது இன்று எல்லாருக்கும் தெரியும், பேசாத பிள்ளைகளுக்குப் பயிற்சி இருக்கிறது, பள்ளி இருக்கிறது. அந்த அறிவையெல்லாம் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளறையில் 1956 நடக்கிறது. அங்கே பிள்ளையை அனுப்பினால், ஒன்றுக்கும் உதவாத ஒரு வருஷத்துக்கு அது தாயை இழக்கும். அனுப்பாவிட்டால், தாய் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கையை இழப்பாள். மூன்றாவதாக ஒரு வழி இருக்கும் என்று நான் தேடாமல் இல்லை.

வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. முகைதீன் பிச்சை கூடத்திலிருந்து, "ஆச்சா?" என்று குரல் கொடுக்கிறார். குழந்தை தாயின் முதுகில் சாய்ந்தபடியே இருக்கிறது. கைருன்னிஸா பெட்டியின் மூடியில் கையை வைத்துக்கொண்டு, இன்னும் மூடாமல், உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.